காவிரிக்கரையிலேருந்து லைப்சிக் வரைக்கும்: தோமானர் கொயரை நேர்ல கேக்கப் போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

வர்ற மே மாசம் ஜெர்மனி போறேன். ஊர் சுத்திப் பாக்குறதுக்கு இல்ல. ஒரே ஊர், லைப்சிக். அங்க தோமா சர்ச், அதோட மேல் மாடத்துல நின்னு பாடுற பையன்களோட கொயர், தோமானர்கோர்னு பேரு. 1212ல ஆரம்பிச்ச கொயர் அது, அந்த வருஷம் நம்ம பக்கம் மூணாம் குலோத்துங்கன் ஆட்சி, கும்பகோணம் பக்கத்துல திருபுவனம் கோயில் கட்டின ராஜா. அப்ப ஆரம்பிச்ச பாட்டு இன்னைக்கு வரைக்கும் தொடர்ந்து வருது. நடுவுல 1723லேருந்து 1750ல சாகுற வரைக்கும் இந்தப் பையன்களுக்கு கொயர் மாஸ்டரா இருந்தவர் பெரிய ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்.

விசா, டிக்கெட், ரூம்னு ஒவ்வொண்ணா முடிச்சுட்டு வர்றேன், டெல்டா பக்கத்துலேருந்து இந்த மாதிரி போக நினைக்கிற யாருக்காவது உதவட்டும்னுதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதுறேன். ஏஜெண்ட்கிட்ட போனா பத்து நாள்ல ஏழு நாட்டைக் காட்டுறோம்னு பேக்கேஜ் சொல்லுவாங்க, அதுல லைப்சிக் வரவே வராது, வந்தாலும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு, கொயர் பாடுற நேரத்துல, நீங்க பஸ்ல வேற எங்கயோ போயிட்டு இருப்பீங்க. கொயர் கேக்கப் போறவங்க நாமளேதான் திட்டம் போடணும்.

இன்னொண்ணு, இதை எழுதுறதுக்கு முக்கியமான காரணம். அங்க நடக்குறது கச்சேரி இல்ல, வழிபாடு. நடுவுல சபையார் எல்லாரும் எழுந்து ஒரு பாட்டு பாடுவாங்க. அந்தப் பாட்டுல நாமளும் சேர்ந்து பாட முடியும், ஏன்னா அந்த ராகங்கள்ல நிறைய நம்ம ஊர்ல முன்னூறு வருஷமா தமிழ்ல பாடிட்டு வர்றதுதான். தரங்கம்பாடி, பொறையாறு, மாயவரம், தஞ்சாவூர், திருச்சின்னு, மார்ட்டின் லுத்தர் வழி வந்த லுத்தரன் சபையில வளர்ந்த யாருக்கும் இது தெரியும், நம்ம ஞானப்பாட்டு புஸ்தகத்துல பெரும்பகுதி ஜெர்மன் பாட்டுதான். அதனால நான் கேக்குறதுக்கு மட்டும் போகல, பாடவும் போறேன், இந்த வழிகாட்டி முழுக்க அந்த நெனப்புலதான் எழுதியிருக்கேன்.

முதல்ல நாள் பாருங்க, டிக்கெட் அப்புறம்

எல்லாரும் ஃபிளைட் விலை கம்மியா இருக்குற தேதியைப் பாத்து போட்டுடுவாங்க. இங்க அப்படிப் பண்ணவே கூடாது. தோமானர் பையன்கள் எல்லாரும் ஸ்கூல் பசங்க, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்க, சாக்சனி மாநிலத்துல ஸ்கூல் லீவு விட்டா அவங்களும் வீட்டுக்குப் போயிடுவாங்க. மோட்டெட்னா கொயர் பல குரல்ல பாடுற பக்திப் பாட்டு, அதை மையமா வச்சு நடக்குற ஆராதனைக்கும் அதே பேருதான். லீவு வாரங்கள்லயும் அந்த மோட்டெட் ஆராதனை நடக்கும், ஆனா வேற ஊர் கொயர் வந்து பாடும். கோடைல ஆறு வாரம், அக்டோபர்ல ரெண்டு வாரம், பிப்ரவரில ரெண்டு வாரம்னு லீவு வரும், கோடை லீவு எப்ப ஆரம்பிக்கும்னு வருஷா வருஷம் மாறும். அது போக வெளியூர் டூரும் போவாங்க. சர்ச்சோட சைட்லயும் கொயரோட சைட்லயும் நிகழ்ச்சி அட்டவணை போடுவாங்க, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல யாரு பாடுறாங்கன்னு இருக்கும், அதுல தோமானர்கோர்னு பேர் இருந்தாதான் அந்த வாரத்துக்கு டிக்கெட் போடணும்.

வழக்கமான நேரம் இது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு மோட்டெட், சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு மோட்டெட், சனிக்கிழமைல பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவோட பாக் கண்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாட்டுத் தொகுப்பு) ஒண்ணும் இருக்கும், வாசிக்கிறது கெவாந்த்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ரா, உலகத்துலயே பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஒண்ணு. ஞாயிறு காலைல ஆராதனை. மோட்டெட்டுக்கு மாசக்கணக்குல முன்னாடி புக் பண்ண வேண்டியதில்ல, வாசல்ல சில யூரோ குடுத்து நிகழ்ச்சித்தாள் வாங்கினா அதுதான் நுழைவுச்சீட்டு. லட்சக்கணக்குல செலவழிச்சுப் போய் நம்ம ஊரு சினிமா டிக்கெட் விலைல இந்தக் கொயரைக் கேக்கலாம்ங்குறது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயமாத்தான் இருக்கு.

பெரிய நிகழ்ச்சிகளுக்கு தனி டிக்கெட், அதுக்கு முன்கூட்டியே புக் பண்ணணும். பெரிய வியாழன், பெரிய வெள்ளி ரெண்டு நாளும் இயேசுவோட பாடுகளையும் மரணத்தையும் பாட்டாச் சொல்ற பாக்கோட பாடுகளின் இசை, டிசம்பர்ல அதே மாதிரி பிறப்புக் கதையைச் சொல்ற கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ, ஜூன்ல பாக்ஃபெஸ்ட்ங்குற பாக் இசைவிழா. ஜூன்ல ஊரே பாக் ரசிகர்களால நிரம்பிடும், ரூம் வாடகை ஏறிடும். டிசம்பர் ஆசையாத்தான் இருக்கு, ஆனா நம்ம கொயர்ல பாடுறவங்க கிறிஸ்துமஸ் நேரத்துல ஊரை விட்டுப் போக முடியுமா? கேரல் ரவுண்டு யாரு போறது? அதோட நவம்பர் டிசம்பர்ல நமக்கு வடகிழக்குப் பருவமழை, புயல் வந்து சென்னை ஏர்போர்ட் மூடினா மொத்தத் திட்டமும் போச்சு.

நான் யோசிச்சுப் பாத்ததுல டெல்டாக்காரங்களுக்கு மே மாசம்தான் பொருத்தம். சம்பா, தாளடி அறுப்பு முடிஞ்சு, உளுந்தும் எடுத்து, நெல்லு பணமும் கைக்கு வந்திருக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்தா அப்புறம் குறுவை வேலை, வயல் இருக்குறவங்க நகர முடியாது. வாத்தியாருங்களுக்கும் கோடை லீவு. அங்கயும் மே மாசம் குளிர் விட்டு, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற நாலாவது ஞாயிறுக்கு ஜெர்மன் சபைல கண்டாட்டே ஞாயிறுன்னு பேரு, பாட்டுக்குன்னே இருக்குற ஞாயிறு. ஈஸ்டர் தேதியைப் பொறுத்து அது ஏப்ரல் கடைசியிலயோ மே மாசத்துலயோ விழும், முடிஞ்சா அந்த வாரத்தைச் சேர்த்துப் பிடிங்க.

எத்தனை நாள்? ரெண்டு வார இறுதி அடங்குற மாதிரி போங்க. ஒரு வெள்ளி சனி மட்டும்னு போனா முதல் நாள் தூக்கக் கலக்கத்துல போயிடும், ரெண்டாவது நாள் காது பழகுறப்ப கிளம்பணும். ரெண்டு வார இறுதின்னா நாலு மோட்டெட், ரெண்டு ஞாயிறு ஆராதனை கிடைக்கும். நடுவுல இருக்குற நாளுக்கு என்ன பண்றதுன்னு கீழ சொல்றேன், அதுவும் நம்ம ஊர் சம்பந்தப்பட்டதுதான்.

பாஸ்போர்ட், பேர் விஷயம்

தஞ்சாவூர்லயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு, திருச்சி வரைக்கும் போக வேண்டியதில்ல. ஏற்கனவே பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க மூணு விஷயம் பாருங்க: ஐரோப்பாவை விட்டுக் கிளம்புற நாளுக்கு அப்புறமும் மூணு மாசமாவது செல்லணும், எடுத்து பத்து வருஷத்துக்குள்ள இருக்கணும், ரெண்டு பக்கமாவது காலியா இருக்கணும்.

நமக்கு எப்பவும் சிக்கல் இனிஷியல்தான். ஆதார்ல ஒரு மாதிரி, பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு மாதிரி, ஞானஸ்நான பேர் வேற, ஸ்கூல் பேர் வேறன்னு நம்ம சபைல பாதிப் பேருக்கு இருக்கும். பாஸ்போர்ட்ல என்ன எழுத்து இருக்கோ அதே எழுத்துதான் ஃபிளைட் டிக்கெட்லயும், இன்சூரன்ஸ்லயும், விசா ஃபார்ம்லயும் வரணும். பேங்க் கணக்குல பேர் வேற மாதிரி இருந்தா விசாவுக்குப் போறதுக்கு முன்னாடியே பேங்க்ல மாத்திடுங்க.

விசா

வேண்டியது ஷெங்கன் குறுகிய கால விசா, ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் தங்கலாம். கட்டணம் 90 யூரோ, அது போக விசா மையத்தோட சர்வீஸ் சார்ஜ். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி குடுத்திருக்கணும், ஆனா அந்த 15 நாளை நம்பாதீங்க, கோடைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல போறதால அப்பாயின்ட்மெண்ட் கிடைக்குறதே பெரும்பாடு. மே பயணம்னா பொங்கல் முடிஞ்ச கையோட வேலையை ஆரம்பிச்சுடுங்க. ஜெர்மனிக்கு விடெக்ஸ்னு ஆன்லைன் ஃபார்ம், அதை நிரப்பி பிரிண்ட் எடுத்து, சென்னைல விசா மையத்துக்கு நேர்ல போய் கைரேகை குடுக்கணும்.

பேப்பர்கள் எல்லாருக்கும் பொதுவானது: போட்டோ, போக வர ஃபிளைட் புக்கிங், தங்குற இடம், 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி ரிட்டர்ன், வேலை பாக்குற இடத்துலேருந்து லீவு லெட்டர். அரசு வேலைல இருக்கவங்க தடையின்மைச் சான்றும் வாங்கணும், அது மேல போய்ட்டு வர நாளாகும், அதனால எல்லாத்துக்கும் முன்னாடி அதுக்கு எழுதிப் போடுங்க.

விவசாயக் குடும்பத்துக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதை எங்கயும் எழுத மாட்டேங்குறாங்க. நம்ம வருமானம் மாசாமாசம் வராது, அறுப்புக்கு அறுப்புதான் வரும், ஸ்டேட்மெண்ட்ல திடீர்னு ஒரு பெரிய தொகை வந்து நிக்கும். பாக்குற அதிகாரிக்கு அது கடன் வாங்கிப் போட்ட பணம் மாதிரி தெரியலாம். அதனால அந்தப் பணம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நெல் போட்டதுக்கு வந்ததுன்னு காட்டுற ரசீதை சேர்த்து வைங்க, பட்டா, சிட்டா, விஏஓகிட்ட வாங்கின அடங்கல் எல்லாத்தையும் வைங்க. தமிழ்ல இருக்குற ஒவ்வொரு பேப்பருக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கூட இருக்கணும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைன்னாலும் ரிட்டர்ன் போட்டு அதுல அந்த வருமானத்தைக் காட்டியிருந்தா ரொம்ப பலம். நிலம் இருக்குறது இன்னொரு வகையிலயும் உதவும், ஊருக்குத் திரும்பி வருவாங்கங்குறதுக்கு அதை விட என்ன சாட்சி வேணும்.

கவர் லெட்டர்ல உண்மையை உண்மையா எழுதுங்க. நான் என் சபை கொயர்ல பேஸ் (ஆண்களோட கீழ்க்குரல்) பாடுறேன், தோமானர்கோரை இந்த இந்தத் தேதில கேக்கப் போறேன்னு எழுதி, சர்ச்சோட நிகழ்ச்சி அட்டவணையை பிரிண்ட் எடுத்து பின்னாடி வச்சேன். சும்மா டூரிஸ்ட்னு எழுதுறதை விட, எதுக்குப் போறோம்னு தேதியோட சொன்னா படிக்கிறவங்களுக்கு சந்தேகம் வர வாய்ப்பு கம்மி.

போற வழி

சென்னைலேருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேர் ஃபிளைட் இருக்கு. துபாய், தோஹா, அபுதாபி வழியாவும் போகலாம், தோஹா வழியா போனா பெர்லின்லயே இறங்கலாம், பெர்லின் மெயின் ஸ்டேஷன்லேருந்து லைப்சிக் ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம்தான். ஃபிராங்க்ஃபர்ட்லேருந்து மூணு, மூணரை மணி நேரம் ஆகும். ஜெர்மன் ரயில்வே ஆப்ல முன்கூட்டியே போட்டா விலை கம்மி, ஆனா அந்த மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஃபிளைட் லேட்டானா டிக்கெட் வீண், அதனால இறங்குறதுக்கும் ரயிலுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க, ஏர்போர்ட்ல கைரேகை, போட்டோன்னு எடுக்குறாங்க, வரிசை நீளமா இருக்கும்.

நம்ம ஊர்லேருந்து சென்னைக்கு உழவன், சோழன், மன்னைன்னு எது வசதியோ அதுல வாங்க, எக்மோர் வரைக்கும் போகாம தாம்பரத்துல இறங்கி லோக்கல் ட்ரெயின்ல திரிசூலம் வந்துட்டா எதிர்லயே ஏர்போர்ட். பெட்டியோட எக்மோர்லேருந்து திரும்பி வர்ற அலைச்சல் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலைல போய் இறங்குறது வேண்டாம். புதன் ராத்திரியோ வியாழனோ லைப்சிக்ல இருக்கணும். தூக்கம் வர்ற காதுல நாலு பார்ட் பாட்டு ஏறாது.

ரூம் ஸ்டேஷன் பக்கத்துலயோ, பழைய ஊருக்குள்ளயோ பாருங்க, மெயின் ஸ்டேஷன்லேருந்து தோமா சர்ச்சுக்கு நடந்தே போயிடலாம், கால் மணி நேரம் கூட ஆகாது. என் கணக்குல ஃபிளைட், விசா, தங்குறது, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து பத்து நாளுக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு லட்சத்தை ஒட்டி வருது, ஹாஸ்டல் மாதிரி இடத்துல தங்கி சமைச்சு சாப்பிட்டா இன்னும் குறையும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போங்க, புளிக்காய்ச்சல் செக்-இன் பெட்டில. இறைச்சியும் பால் பொருளும் வெளியிலேருந்து கொண்டு போக விட மாட்டாங்க, அதனால நெய், பால்கோவா வேண்டாம், அம்மா எவ்ளோ சொன்னாலும். ஞாயித்துக்கிழமை அங்க கடை எல்லாம் மூடிடும், மெயின் ஸ்டேஷன் உள்ள மட்டும் சில கடை திறந்திருக்கும், அதனால சனிக்கிழமை மோட்டெட் முடிஞ்சதும் ரொட்டி, தயிர் வாங்கி வச்சுடுங்க.

காதைத் தயார் பண்றது

இதுதான் இந்த வழிகாட்டிலயே முக்கியமான பகுதி, மேல இருக்குறதெல்லாம் காசும் பேப்பரும்தான். காத்திருக்குற இந்த மாசங்களை வீணாக்காதீங்க.

தெரிஞ்ச பாட்டுலேருந்து ஆரம்பிங்க. பெரிய வெள்ளிக்கு நாம பாடுற "இரத்தம் காயம் குத்தும்" எடுத்துக்கங்க. அதே ராகத்தை பாக் மத்தேயு பாடுகளின் இசைல அஞ்சு தடவை கொண்டு வர்றார். ராகம் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் சுருதி மாறுது, முதல் ரெண்டு தடவைக்கு அப்புறம் கீழ ஓடுற ஆல்ட்டோ, டெனர், பேஸ்ங்குற மத்த மூணு குரலும் மாறுது, அதனால அந்தப் பாட்டோட முகமே மாறுது. கடைசியா வர்றது இயேசு உயிர் விட்ட உடனே. அந்த இடத்துல டெனரும் பேஸும் அரை சுரம் அரை சுரமா நகர்றதைக் கேளுங்க, மேல் குரலான சோப்ரானோ நாம சின்ன வயசுலேருந்து பாடுற அதே ராகத்தைத்தான் பாடுது, ஆனா அடில தரை நகர்ற மாதிரி இருக்கும். நான் முதல் தடவை இதைக் கேட்டப்ப ஞானப்பாட்டு புஸ்தகத்தை மடில வச்சு தமிழ் வரிகளைப் பாத்துக்கிட்டே கேட்டேன், அப்படியே கேளுங்க, வேற எந்த விளக்கமும் வேண்டாம். அதே ராகம் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோல பிறப்புக்கும் வருது. பிறப்புக்கும் சாவுக்கும் ஒரே ராகம்.

அடுத்து "யேசு, மைன ஃப்ராய்ட" மோட்டெட், பி.டபிள்யூ.வி. 227 (பாக் படைப்புகளோட பட்டியல்ல அதோட எண்). அஞ்சு குரல், பதினோரு பகுதி. ஒரு பகுதி ஞானப்பாட்டு சரணம், அடுத்த பகுதி ரோமர் 8ம் அதிகாரத்துலேருந்து வசனம், மறுபடி சரணம்னு மாத்தி மாத்தி போகும். தமிழ் வேதாகமத்துல ரோமர் 8ஐ திறந்து வச்சுக்கங்க. "கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத் தீர்ப்பில்லை"ங்குற வசனம் வர்ற இடத்துல கவனிங்க, இல்லைங்குற அந்த ஒரு வார்த்தையை மட்டும் தனியா நிறுத்தி திரும்பத் திரும்ப பாட வைக்கிறார். ஒரு பிரசங்கியார் மேஜையைத் தட்டிச் சொல்றதை அவர் குரல்லயே பண்ணிட்டார்.

அப்புறம் "சிங்கெட் டெம் ஹெர்ன்", பி.டபிள்யூ.வி. 225. ரெண்டு கொயர் எதிரும் புதிருமா பாடுறது. 1789ல இசையமைப்பாளர் மோட்சார்ட் லைப்சிக் வந்தப்ப இதே தோமானர் பையன்கள் இதைப் பாட, அவர் அசந்து போயிட்டார்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவங்க, சர்ச் பழக்கமே இல்லாதவங்க, உங்களுக்கும் இது எட்டாத விஷயம் இல்ல. ஜனவரில திருவையாறு ஆராதனைல நூத்துக்கணக்குல பேர் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுறப்ப எல்லா குரலும் ஒரே வரில போகும், அந்த பலம் வேற. இங்க நாலு குரல் நாலு வழில போகும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடிக்கப் பாக்காதீங்க. முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்க, அடுத்த தடவை ஆல்ட்டோ மட்டும். நாலு தடவை கேட்டதுக்கு அப்புறம் அஞ்சாவது தடவை சும்மா உக்காந்து கேளுங்க, தானா எல்லாம் விழும்.

குரலைப் பத்தியும் சொல்லணும். சோப்ரானோ, ஆல்ட்டோ ரெண்டும் சின்னப் பையன்கள், பெண்கள் கிடையாது. கொயர்ல நூறு பேர் வரைக்கும் இருப்பாங்க, ஒன்பது வயசுலேருந்து பதினெட்டு வரைக்கும். பன்னெண்டு பதிமூணு வயசுல குரல் உடைஞ்சதும் டெனர், பேஸுக்கு மாறுவாங்க. அதனால நீங்க சிடில கேட்ட அந்தக் குரல்கள் இன்னைக்கு அங்க இல்ல, வளர்ந்து போயிட்டாங்க. இந்த வருஷம் கேக்குற சத்தம் இந்த வருஷத்துக்கு மட்டும்தான், அடுத்த வருஷம் போய்க்கலாம்னு தள்ளிப் போடுறவங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான். 2021லேருந்து கொயர் மாஸ்டரா இருக்கவர் ஆண்ட்ரியாஸ் ரைட்ஸே, சுவிட்சர்லாந்துக்காரர், இப்ப வர்ற ரெக்கார்டிங் அவரோடது, பழைய மாஸ்டர் கியோர்க் கிறிஸ்டோஃப் பில்லர் காலத்து ரெக்கார்டிங்கும் நிறைய கிடைக்கும், ரெண்டையும் கேட்டுப் பாருங்க.

எனக்குப் பிடிச்ச பழக்கம் ஒண்ணு சொல்றேன். மார்ச் கடைசி ஞாயிறுலேருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் அவங்களுக்கும் நமக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம், மத்த மாசங்கள்ல நாலரை. அவங்க வெள்ளிக்கிழமை 6 மணிக்கு ஆரம்பிக்கிறப்ப நமக்கு கோடைல ராத்திரி ஒன்பதரை, குளிர்காலத்துல பத்தரை. அன்னைக்கு அங்க என்ன பாடுறாங்கன்னு அட்டவணைல பாத்து வச்சுக்கிட்டு, சரியா அந்த நேரத்துக்கு வீட்டுல ஹெட்போன் போட்டு அதே பாட்டைக் கேப்பேன். முதல்ல அம்மா, "ஏன்டா தம்பி, இந்த நேரத்துல என்னடா பாட்டு?"ன்னாங்க. "அங்க இப்பதாம்மா ஆரம்பிக்கிறாங்க"ன்னேன். இப்ப வெள்ளிக்கிழமையானா அவங்களே "மணி ஆச்சு பாரு"ங்குறாங்க. இப்படி வாராவாரம் கேட்டா, போய் உக்காரப் போறப்ப புது இடமா இருக்காதுன்னு நம்புறேன்.

வாயையும் தயார் பண்ணுங்க

மோட்டெட் நிகழ்ச்சித்தாள்ல சபையார் பாட வேண்டிய பாட்டு ராகத்தோட அச்சடிச்சிருக்கும், பக்கத்துல ஈ.ஜி.ன்னு ஒரு எண் இருக்கும், அது ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபைகளோட பாட்டுப் புஸ்தகத்துல இருக்குற எண். ஈ.ஜி. 85 நம்ம "இரத்தம் காயம் குத்தும்". 362 லுத்தரோட கோட்டைப் பாட்டு, 321 நன்றிப் பாட்டு, 101 ஈஸ்டர் பாட்டு, 396 மேல சொன்ன "யேசு, மைன ஃப்ராய்ட". இந்த அஞ்சுக்கும் முதல் சரணத்தை ஜெர்மன்ல வாய்ப்பாடமா வச்சுக்கங்க. நம்ம கொயர்ல சோல்ஃபா (இசையை எழுத்துல எழுதுற முறை) படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு பார்ட் பிடிக்கிறது கஷ்டமே இல்ல, உச்சரிப்புதான் கொஞ்சம் பழகணும், ஒரு வார்த்தை ஒரு வார்த்தையா ரெக்கார்டிங் கூட சேர்ந்து சொல்லிப் பாருங்க. கர்த்தருடைய ஜெபத்தையும் ஜெர்மன்ல படிச்சுக்கங்க, "ஃபாட்டர் உன்சர் இம் ஹிம்மல்"னு ஆரம்பிக்கும், மோட்டெட்ல எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க. தமிழ்ல சொன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ஆனா கூட சேர்ந்து ஒரே வேகத்துல சொல்றதுல ஒரு சந்தோஷம் இருக்கு.

கோயிலுக்குள்ள

கொஞ்சம் முன்னாடியே போய் வரிசைல நில்லுங்க, முக்கால் மணி நேரம் முன்னாடி போனா நிம்மதி. கொயர் நிக்கிறது ஆல்டர் (பலிபீடம்) பக்கம் இல்ல, அதுக்கு எதிர்ப்பக்கம், மேற்கு மாடத்துல, பெரிய ஆர்கன் பக்கத்துல. அதனால நடுவுல ஆல்டரைப் பாத்து உக்காந்தா பாட்டு உங்க தலைக்குப் பின்னாடி மேலேருந்து வரும். பையன்களோட முகத்தைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா பக்கவாட்டு இடமாப் பாருங்க. எனக்கு முதல் நாள் நடுவுல, முகம் எதுவும் தெரியாம, சத்தத்தை மட்டும் கேக்கணும்னு ஆசை, சனிக்கிழமை பக்கவாட்டுல.

போனை அணைச்சு பைல வச்சுடுங்க, ரெக்கார்ட் பண்ணாதீங்க. பாட்டு முடிஞ்சதும் கை தட்டணும்னு கை பரபரக்கும், இது ஆராதனை, பக்கத்துல இருக்கவங்க அமைதியா இருந்தா நாமளும் அமைதியா இருப்போம். கல் கட்டடம், மே மாசத்துலயும் உள்ள சில்லுன்னு இருக்கும், ஸ்வெட்டர் வேணும்.

ஆல்டருக்கு முன்னாடி தரைல பாக்கோட கல்லறை. அவர் எலும்புகளை ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான் வேற கோயில்லேருந்து இங்க கொண்டு வந்து வச்சாங்க. கல்லறை பாக்குறதுக்கு மோட்டெட் இல்லாத நேரத்துல தனியா போங்க. கோயிலுக்கு எதிர்லயே பாக் மியூசியம், திங்கக்கிழமை லீவு. நிக்கோலாய் சர்ச் நடந்து போற தூரம், யோவான் பாடுகளின் இசை 1724ல முதல்முதலா பாடினது அங்கதான், 1989ல கிழக்கு ஜெர்மனி மக்கள் திங்கக்கிழமை ஜெபத்துக்குக் கூடி, அதுலேருந்து பெரிய ஊர்வலமாக் கிளம்பின இடமும் அதுதான்.

நடுவுல வர்ற நாளுக்கு ஹாலே

ரெண்டு வார இறுதிக்கு நடுவுல ஒரு நாள் கட்டாயம் ஹாலே போங்க, ரயில்ல அரை மணி நேரம். அங்க ஃபிராங்கே நிறுவனங்கள்னு 1698ல ஆரம்பிச்ச அனாதை இல்லம், பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் சேர்ந்த பெரிய வளாகம். மிஷனரி சீகன்பால்க் படிச்ச ஊர் அது. அங்க படிச்ச அவர்தான் 1706 ஜூலை 9ம் தேதி தரங்கம்பாடில வந்து இறங்கினார். தமிழ் அச்செழுத்து ஹாலேல வார்த்து அனுப்பி, தமிழ் புதிய ஏற்பாடு 1715ல தரங்கம்பாடில அச்சாச்சு. தரங்கம்பாடிலேருந்து மிஷனரிகள் எழுதின கடிதங்களும் நம்ம ஓலைச்சுவடிகளும் இன்னைக்கும் அந்த ஆவணக் காப்பகத்துல இருக்கு. பழைய அனாதை இல்லக் கட்டடத்துல மேல் மாடில அபூர்வப் பொருள் கூடம் இருக்கு, நம்ம பக்கத்துப் பொருட்களும் அதுல உண்டு. இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்த ஊரும் ஹாலேதான், அவர் பிறந்த வீடு மியூசியமா இருக்கு.

லைப்சிக்கே நமக்கு அந்நியம் இல்ல. லைப்சிக் மிஷன்னு நம்ம தாத்தா பாட்டி சொல்லுவாங்களே, நம்ம பக்கத்துக்கு மிஷனரிகளை அனுப்பின அமைப்பு, அது 1848லேருந்து இருக்குறது அந்த ஊர்லதான். அதோட இயக்குநரா இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்தார், 1856ல வெளிவந்துச்சு.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் தரங்கம்பாடிக்கும் போய்ட்டு வந்துடுங்க. 1718ல கட்டின புது எருசலேம் ஆலயத்துல ஆல்டருக்கு முன்னாடி சீகன்பால்க் கல்லறை இருக்கு. ஞாயிறு ஆராதனைக்குப் போனா நல்லது, அங்க பாடுற ஞானப்பாட்டோட எண்ணைக் குறிச்சுக்கிட்டு, ஜெர்மன்ல அதுக்கு மூலம் எதுன்னு தேடி வச்சுக்கங்க. லைப்சிக்ல அதே ராகம் ஆர்கன்ல ஆரம்பிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

திரும்பி வர்றப்ப வாங்க வேண்டியது

தோமா சர்ச் பக்கத்துல அவங்க கடை ஒண்ணு இருக்கு, இசைத்தாள், சிடி எல்லாம் கிடைக்கும். சாவிக்கொத்து, காந்தம் எல்லாம் வேண்டாம், அந்தக் காசுக்கு இசைத்தாளா வாங்குங்க. ஒவ்வொரு மோட்டெட்டோட நிகழ்ச்சித்தாளையும் மடங்காம வைக்க ஒரு கெட்டி ஃபைல் இங்கேருந்தே எடுத்துட்டுப் போங்க.

எங்க கொயர் மாஸ்டர் அண்ணன் ஒரு லிஸ்ட் குடுத்திருக்கார். பாக் நாலு பார்ட்ல எழுதின ஞானப்பாட்டுகள் மொத்தமா அச்சிட்ட புஸ்தகம், அதுதான் முதல்ல. "தம்பி, ராகம் நம்மகிட்ட இருக்கு, வார்த்தை நம்மகிட்ட இருக்கு, அந்த ஆல்ட்டோவும் டெனரும் மட்டும் வாங்கிட்டு வா"ன்னார். அடுத்த தபசுகாலத்துல (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள்ல) "இரத்தம் காயம் குத்தும்" பாட்டை பாக் போட்ட பார்ட்ல தமிழ் வரிகளோட பாடுறதா முடிவு பண்ணியிருக்கோம், சோல்ஃபால எழுதிக் குடுக்குற வேலை என்னோடது. பேஸ் பார்ட்டை ரெக்கார்டிங்லேருந்து கேட்டு எழுத ஆரம்பிச்சுட்டேன், மத்த மூணையும் புஸ்தகம் கைக்கு வந்ததும் எழுதணும். உங்க சபைக்கும் வேணும்னா சொல்லுங்க, காப்பி எடுத்துத் தர்றேன்.